ரூத் அம்மாவுக்கு, அந்த ஐந்து நிமிடத்துக்காக

அன்புள்ள ரூத் சீம்ஸ் அம்மாவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 2005 நவம்பரில், இந்தியானாவின் தென்கோடியில் ஓஹையோ ஆற்றங்கரை ஊரான நியூபர்க்கில், 74 வயதில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். நான் அதே மாநிலத்தில் வந்து இறங்கியது 2007 ஆகஸ்டில். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் விலாசம் தேடிப்பிடித்துத் தபாலிலேயே போட்டிருப்பேன். அதற்கு வழியில்லாமல் போனதால் ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கேசரோல் என்றால் சாப்பாடு கிடையாது, பாத்திரம். இட்லியும் சப்பாத்தியும் ஆறாமல் இருக்கப் போட்டு மூடிவைக்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே எவர்சில்வர் கிண்ணம் பதித்திருக்கும். ஹாட்பேக் என்பார்கள், ஹாட்பாக்ஸ் என்பார்கள், பாத்திரக்கடை பில்லில் மட்டும் கேசரோல் என்று எழுதியிருக்கும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் யோசிக்க நேரமில்லாவிட்டால் இதைத்தான் வாங்கி, பளபளக் காகிதம் சுற்றிக்கொண்டு வருவார்கள். எனக்கே நான்கு வந்தது. அதனால் 2008 ஜனவரியில் எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டி, "நாளைக்குச் சாயங்காலம் ஒரு கேசரோல் கொண்டுவந்து தரட்டுமா?" என்று கேட்டபோது, ஐந்தாவதும் வரப்போகிறது என்று நினைத்துவிட்டேன். "எதற்குச் சிரமம், ஊரிலிருந்தே ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன். அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். இந்தியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த சாப்பாட்டை ஐந்து மாதமாக வைத்திருக்கிறாளே என்று பதறியிருப்பாள் போலிருக்கிறது. மறுநாள் சொன்னபடி கொண்டுவந்துவிட்டாள்.

அப்போது நாங்கள் வெஸ்ட் லாஃபயெட்டில் குடும்பத்தோடு இருக்கும் மாணவர்களுக்கான குடியிருப்பில் இருந்தோம். வாபாஷ் ஆற்றுக்கு மேற்கே, நீங்கள் 1953இல் மனையியல் பட்டம் வாங்கிய அதே பர்டியூ பல்கலைக்கழகம். என் வீட்டுக்காரர் அங்கே ஆராய்ச்சி மாணவர். எனக்குப் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். சிசேரியன். இருமினால் தையல் இழுக்கும், சிரித்தால் இன்னும் மோசம். பிரசவத்துக்கு வருவதாக இருந்த அம்மா, விருதுநகரில் குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் அடுக்கிவைத்திருந்த லேகியமும் பூண்டு ஊறுகாயும் அவளோடு அங்கேயே நின்றுவிட்டன. வீட்டுக்காரருக்கு அன்றைக்குத் தெரிந்த சமையல் மூன்று: பால் காய்ச்சுவது, நூடுல்ஸ், ரைஸ் குக்கரின் பொத்தானை அமுக்குவது. ஒன்பது நாளும் தயிர்சாதம். அந்த ஊர்த் தயிருக்குப் புளிப்பே கிடையாது. வெளியே பனி முழங்கால் உயரம், ஆறு மணிக்குள் இருட்டிவிடும், அழைப்புமணி அடித்தால் பிள்ளை விழித்துவிடுமே என்று பயம். பசி என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது.

ஐந்தரை மணிக்கு வந்தாள். மணியை அடிக்காமல் விரல் முட்டியால் மெதுவாக இரண்டு தட்டு. கண்ணாடிப் பாத்திரம், நீளவாக்கில் ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குலம். மேலே அலுமினியத் தாள், அதைச் சுற்றிப் பழைய குளியல் துண்டு. துண்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே வரச்சொன்னேன். பூட்ஸில் பனி ஒட்டியிருக்கிறது, உன் தரையை ஈரமாக்கமாட்டேன் என்று சொல்லி, பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் காப்பி குடித்து, மூக்கு யார் ஜாடை என்று தீர்ப்புச் சொல்லி, பெயரையும் மாற்றிவைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அதற்குப் பழகிய எனக்கு இது என்னவோ போலிருந்தது. ராத்திரி படுக்கும்போதுதான் புரிந்தது, எனக்கு வேலை வைக்கக் கூடாது என்றே வாசலில் நின்றிருக்கிறாள் என்று.

தாளைப் பிரித்தேன். மேலே பொன்னிறத்தில் ரொட்டித் துணுக்குகள், ஒவ்வொன்றும் பென்சில் நுனியில் இருக்கும் அழிப்பான் அளவு. நடுநடுவே காய்ந்த இலைத் தூளின் பச்சைப் புள்ளிகள். ஓரங்களில் அடியிலிருந்த வெள்ளைக் குழம்பு கொதித்து மேலேறி, கண்ணாடியில் பழுப்பாக ஒட்டிப் பிடித்திருந்தது. கரண்டியை விட்டால் மேலே மொறுமொறு, அதற்குக் கீழே அதே ரொட்டி பஞ்சாக, அதற்கும் கீழே குழம்பில் கோழித் துண்டும் பட்டாணியும் கேரட்டும். வாசனைதான் புதிதாக இருந்தது. ஓமவல்லி இலையைக் கசக்கி வெண்ணெயில் போட்டதுபோல. அது சேஜ் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். துளசி, புதினா, ஓமவல்லி, சேஜ் எல்லாம் தாவரவியலில் ஒரே குடும்பமாம். என் மூக்கு சொன்னது சரிதான்.

முதல் வாயில் ஏமாற்றம், உள்ளதைச் சொல்கிறேன். காரம் இல்லை, புளி இல்லை, ஒரு கறிவேப்பிலை வாசம்கூட இல்லை. வீட்டுக்காரர் எழுந்துபோய் மாங்காய் ஊறுகாய் எடுத்துவந்தார். இரண்டாவது வாயில் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவதில் எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகியது. ஆவி பறக்கிற, மெல்லக் கஷ்டப்பட வேண்டாத, உப்பும் வெண்ணெயும் தாராளமாக இருக்கிற சாப்பாடு. அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே, தட்டில்கூடப் போடாமல், பாத்திரத்தில் ஒரு வரிசை முழுவதையும் தின்று தீர்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஊறுகாய்க் காரம் என்று அவரிடம் சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரி போனில் அம்மா, "என்னடி சாப்பிட்ட?" என்றாள். சொன்னேன்.

"பச்ச உடம்புக்காரி ரொட்டியும் கோழியுமா திங்கிற? பூண்டுக் குழம்பு வைக்க ஒரு நாதி இல்லையாடி அங்க?"

"இல்லம்மா. அதான் இது."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "யாரு கொண்டாந்தா? நல்லாருக்கட்டும் அந்தப் பிள்ள" என்றாள். பத்தியத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சு எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் குடியிருப்பின் சலவை அறையில் அவளைப் பார்த்தபோது எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவள் முகம் கொஞ்சம் சிவந்தது. "சமையல் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒரு பெட்டி, ஒரு டப்பா" என்று ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னாள். அயோவாவில் அவள் அம்மா வீட்டில் யாருக்காவது பிரசவம், சாவு, ஆபரேஷன் என்றால் உடனே அடுப்பில் ஏறுவது இதுதானாம். பெட்டி என்று அவள் சொன்னது நீங்கள் உருவாக்கிய ஸ்டவ் டாப் ஸ்டஃபிங். டப்பா என்று சொன்னது கெட்டியான சிக்கன் கிரீம் சூப்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அன்றைக்கு முழு வான்கோழியை ‘அவன்’ அடுப்பில் வேகவைப்பார்கள். அதன் வயிற்றுக்குள் அடைப்பதுதான் ஸ்டஃபிங். ரொட்டியை இரண்டு நாள் காயவைத்து, துண்டாக்கி, வெங்காயமும் செலரியும் வெண்ணெயில் வதக்கி, சேஜ், தைம் போட்டு, கோழிச்சாறு ஊற்றிப் பிசைந்து உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். தெற்கத்தி மாநிலங்களில் சோள ரொட்டியில் தனித்தட்டில் செய்து டிரெஸ்ஸிங் என்பார்கள். எப்படியானாலும் அது பண்டிகைச் சமையல், அரைநாள் வேலை. வயிற்றுக்குள் அடைத்தால் இன்னொரு தொல்லை: பறவையின் பச்சைச் சாறு ஸ்டஃபிங்கில் இறங்குவதால் அதுவும் 165 ஃபாரன்ஹீட் சூடேற வேண்டும், அது ஏறுவதற்குள் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும். இதற்கெல்லாம் மாற்றாக ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் 1972இல் ஸ்டவ் டாப்பைக் கடைக்குக் கொண்டுவந்தது. பொங்கலன்றைக்கு மட்டும் பொங்குகிற சர்க்கரைப் பொங்கலைச் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கும் ஆக்கலாம் என்று யாராவது செய்து கொடுத்தால் எப்படியிருக்கும், அதுபோல. ஒன்றரைக் கப் தண்ணீரும் கால் கப் வெண்ணெயும் கொதிக்க வேண்டும். பெட்டியில் இருப்பதைக் கொட்டி ஒரு கிளறு. மூடி இறக்கிவைத்து ஐந்து நிமிடம். முள்கரண்டியால் உதிர்த்துவிட்டால் முடிந்தது.

இவ்வளவுதானே என்று நான் நினைத்ததுதான் தப்பாகப் போயிற்று. நானே முதன்முதலாகச் செய்த அன்றைக்குக் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். அவனுக்குள் எப்படியும் ஆவி வரத்தானே போகிறது, துணுக்குகளை எதற்கு ஊறவைக்க வேண்டும் என்று பெட்டியைப் பிரித்து அப்படியே மேலே தூவினேன். கோழியையும் காய்களையும் ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு உள்ளே போட்டேன். அரைமணி நேரம் கழித்து வெளியே எடுத்தால் மேல்பக்கம் ஜல்லி, அடியில் தண்ணீர், நடுவில் ஒரு கோழித் துண்டு ரோஜா நிறத்தில் சிரிக்கிறது. வீட்டுக்காரர் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "மேலே செங்கல், கீழே கம்மாய்" என்றார். அவருக்கு நூடுல்ஸ் வைத்துக்கொள்ளத் தெரியும் என்பதை நினைவூட்டினேன்.

அந்தக் கடுப்பில்தான், கடைசியில், உங்களைக் கண்டுபிடித்தேன். உடனே இல்லை, சில வருடம் ஆயிற்று. ஐந்து நிமிடத்தில் பஞ்சாகிற ரொட்டி ஏன் அவனில் ஜல்லியாயிற்று என்று அவ்வப்போது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு குளிர்கால ராத்திரி தேடிக்கொண்டே போனதில் நியூயார்க் டைம்ஸ் 2005இல் எழுதிய உங்கள் இரங்கல் கட்டுரை கிடைத்தது. அதிலிருந்து காப்புரிமை எண் 3870803. 1975இல் வழங்கப்பட்டது, நான்கு பேர் பெயரில். முதல் பெயர் உங்களுடையது, மற்ற மூவரும் ஆண்கள். படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உப்பின் அளவு இருக்கிறது, கம்பெனி பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை.

எவன்ஸ்வில்லில் பிறந்த பெண், பட்டம் வாங்கியதும் சொந்த ஊரிலேயே ஜெனரல் ஃபுட்ஸ் ஆலையில் மாவையும் கேக் கலவையையும் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு நியூயார்க் பக்கத்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், 1985 வரை அங்கே உழைத்திருக்கிறீர்கள். மனையியல் என்றாலே எங்கள் ஊரில் ஓர் இளக்காரம் உண்டு. மார்க்கு வராத பெண்பிள்ளைகள் படிப்பது, கல்யாணம் ஆகும்வரை பொழுது போக்குவது என்பார்கள். அந்தப் படிப்பைப் படித்த நீங்கள் கேட்ட கேள்வி இது: துணுக்கு எவ்வளவு பெரியதாக இருந்தால் வெந்நீர் ஐந்து நிமிடத்தில் அதன் நடுவரைக்கும் போகும், ஆனால் உடைக்காது? சின்னதாக இருந்தால் கூழ். பெரிதாக இருந்தால் வெளியே சொதசொதப்பு, உள்ளே கல். அளவு மட்டும் போதாது, ரொட்டியின் உள்ளே இருக்கும் காற்றறைகளும் சரியாக அமைய வேண்டும் என்று காப்புரிமையில் விளக்கியிருக்கிறீர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ரவைதான் ஞாபகம் வந்தது. ரவையைச் சரியாக வறுக்காவிட்டால் உப்புமா களியாகும். தண்ணீர் குறைந்தால் நறநறக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது, அதை என் அம்மா கண்ணாலேயே பிடிப்பாள். எனக்கு இன்றுவரை பத்துக்கு ஏழு தடவைதான் வரும். நீங்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிந்த அந்த இடத்தை அளந்து, ஆலையில் வெட்டி, பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். வாங்குகிறவளுக்குக் கைப்பக்குவம் இருக்கிறதா, இல்லையா, அன்றைக்குத் தூங்கினாளா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லாதபடி. உப்புமாவுக்குப் பக்கத்தில் நின்று கிளற வேண்டும். உங்கள் ஐந்து நிமிடத்துக்கு யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். மூடிவிட்டுப் போய்விடலாம். அந்த ஐந்து நிமிடத்தில் நான் பிள்ளைக்கு ஏப்பம் எடுக்கவைத்திருக்கிறேன். துணி மாற்றியிருக்கிறேன். ஒருநாள் குளியல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சும்மா சுவரைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெட்டி தனியாக என் பசியை ஆற்றவில்லை என்பதால், இன்னும் சிலருக்கும் இந்த மடலிலேயே பங்கு உண்டு. சூப்பிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டுச் சின்ன டப்பாவில் அடைக்கலாம் என்று 1897இல் ஜான் டோரன்ஸ் என்ற வேதியியலாளர் காம்ப்பெல் கம்பெனியில் கண்டுபிடித்தார். சிக்கன் கிரீம் சூப் 1947இல் வந்தது. ஆனால் அந்த டப்பாவைச் சூப்பாகக் குடிக்காமல் குழம்புக்கு அடித்தளமாக ஊற்றலாம் என்று ஊருக்கெல்லாம் பழக்கிய சமையலறைகளில் உங்களைப் போன்ற மனையியல் பெண்கள்தான் இருந்தார்கள். நியூஜெர்சி காம்டனில் டார்கஸ் ரைலி என்பவர் 1955இல் காளான் சூப்பையும் பச்சை பீன்ஸையும் வைத்துச் செய்த கேசரோல் இன்றைக்கும் நவம்பர் விருந்தில் இருக்கிறது. அவர் எழுதிய செய்முறை அட்டை 2002இல் ஓஹையோவில் உள்ள தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் 2018இல் 92 வயதில் காலமானார். பாத்திரத்துக்குக்கூட ஒரு பெண் இருக்கிறாள். கார்னிங் கண்ணாடி நிறுவனத்து விஞ்ஞானியின் மனைவி பெஸ்ஸி லிட்டில்டன், 1913இல் பேட்டரிக்கான கண்ணாடிக் குடுவையின் அடிப்பாகத்தை அறுத்துவாங்கி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். இரண்டு வருடத்தில் பைரெக்ஸ் கடைக்கு வந்தது.

இனி என் கைக்குப் பழகிய முறையைச் சொல்கிறேன், சரியா என்று நீங்களே பாருங்கள். அவனை 400 ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறக்குறைய 200 செல்சியஸில் போட்டுவிடுவேன். ஒன்றரைப் பவுண்டு கோழித்தொடை, அதாவது 680 கிராம், ஓர் அங்குலத் துண்டுகள். நெஞ்சுக்கறிதான் எல்லோரும் போடுவது. தொடை கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தாலும் சக்கையாகாது என்பதால் நான் மாறிவிட்டேன். உறைந்த காய்கலவை ஒரு பை, வடிகட்டியில் கொட்டி, உருகி, தண்ணீர் சொட்டி முடியும்வரை வைத்திருந்து. இந்த ஒரு வரியை நான் குளம் வெட்டித்தான் கற்றுக்கொண்டேன். சூப் ஒரு டப்பா, தண்ணீர் சேர்க்காமல். புளித்த கிரீம் கால் கப்புக்கு மேல். என் வீட்டில் அது கெட்டித்தயிர். எல்லாவற்றையும் பாத்திரத்திலேயே கலந்து பரப்பிவிட்டு, ஐந்து நிமிடம் ஊறி உதிர்ந்த ஸ்டஃபிங்கை மேலே அமுக்காமல் தூவ வேண்டும். அமுக்கினால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடிரொட்டி கூழாகும். முப்பது நிமிடம். ஓரத்தில் குமிழ் விட்டாலும் நம்பாமல், நடுக்கோழியில் வெப்பமானியைக் குத்தி 165 காட்டுகிறதா என்று பார்ப்பேன். அந்த ரோஜாத் துண்டுக்குப் பிறகு முதலில் வாங்கியது அதைத்தான். எடுத்தவுடன் பரிமாறினால் குழம்பு ஓடும். பத்து நிமிடம் விட்டால் நின்றுவிடும். உப்பு? ஒரு சிட்டிகைகூடப் போடமாட்டேன். பெட்டியிலும் டப்பாவிலும் இருப்பதே அதிகம். வெண்ணெயும் உப்பில்லாததுதான்.

இந்த உப்பு விஷயத்தில் உங்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, நன்றிக் கடிதம் என்பதற்காக மறைக்கமாட்டேன். தினமும் தின்ன வேண்டிய சாப்பாடு இல்லை இது. ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்கள் வீட்டுக்கு நான் இதைக் கொண்டுபோவதில்லை. சைவக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கோழியை விட்டுவிட்டுக் காயை மட்டும் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், பெட்டிக்குள் இருக்கும் மசாலாவிலும் கோழி உண்டு. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆனால் "டப்பாச் சாப்பாடெல்லாம் ஒரு சாப்பாடா" என்று மூக்கைச் சுளிக்கும் என் இனத்தாரைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும். விருந்துக்கு வந்த ஒருவர் அப்படித்தான் சொன்னார். பாக்கெட் இட்லிமாவில் சுட்ட இட்லிக்குப் பாக்கெட் சாம்பார்ப்பொடியில் வைத்த சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார். புதிதாக அரைத்து, புதிதாக வறுத்து, கைமணத்தோடு ஆக்கிப்போட ஒரு ஆள் வீட்டில் தெம்போடு நிற்கிறாள் என்கிற நினைப்பிலிருந்து வருகிற பேச்சு அது. அந்த ஆள் படுத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்ததில்லை. நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். 2005 கணக்குப்படி நன்றி நவிலும் நாளையொட்டி மட்டும் ஆறு கோடிப் பெட்டி விற்றதாம். அத்தனை வீட்டிலும் சமைக்கத் தெரியாதவர்களா இருந்திருப்பார்கள்?

என் அம்மா 2011இல் வந்தாள். கைக்கட்டெல்லாம் பிரித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லேகியமும் வந்தது, காலாவதியாகி. பேத்திக்கு இது பிடிக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். அம்மா தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, நாக்கில் புரட்டிப் பார்த்தாள்.

"உப்புமாக்கு அடியில கோழிக் குருமாவ ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றாள். மறுபடி போட்டுக்கொண்டாள். "ரெண்டு பச்சமொளகா கிள்ளிப் போட்டா என்ன?"

அன்றிலிருந்து கிள்ளிப் போடுகிறேன், ஸ்டஃபிங்குக்கு வெண்ணெய் உருகும்போதே. மிளகும் கொஞ்சம் தூக்கலாக. உங்கள் காப்புரிமையில் அதற்கு இடம் இருக்கிறதா, தெரியவில்லை.

அன்றைக்கு ஒன்பது நாள் பிள்ளையாகத் தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது பதினேழு முடிந்துவிட்டது. காய்ச்சல் வந்தால் என்னைப் போல ரசம்சாதம் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். பருப்பு ரசம், மிளகு ரசம், எலுமிச்சை ரசம் என்று முறைவைத்து ஊட்டிப் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து, "அம்மா, அந்த ஸ்டஃபிங் கோழி" என்றுதான் குரல் வருகிறது. கொஞ்சம் பொறாமைதான். அவள் நாக்குக்கு ஊர் என்பது சேஜ் வாசனையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று இப்போதெல்லாம் அவனைப் போட எழுந்துவிடுகிறேன்.

கடைசியாக அந்தக் கண்ணாடிப் பாத்திரம். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் அதிரசம் சுட்டு நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தையல் ஆறட்டும், பச்சரிசி கிடைக்கட்டும், வெல்லம் நல்லதாகக் கிடைக்கட்டும் என்று தள்ளித்தள்ளிப் போட்டதில் மே மாதம் வந்துவிட்டது. பட்டமளிப்பு முடிந்து எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்த அன்றைக்கு, நாங்கள் பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோயிருந்தோம். திரும்பி வந்தால் எதிர்வீட்டில் ஜன்னல் திரைகூட இல்லை.

பாத்திரம் என்னிடம்தான் இருக்கிறது. அடியில் அவள் ஒட்டிய மாஸ்கிங் டேப், அதில் பேனாவால் அவள் பெயரின் முதலெழுத்தும், "350, 20 நிமிடம்" என்று சூடுபண்ணும் கணக்கும். பெயரெழுத்து அழிந்துவிட்டது. எண்கள் இன்னும் தெரிகின்றன. நாங்கள் இந்தியானாபொலிஸுக்கு வீடு மாறியபோது அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நான் இருக்கும் தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போவது அதுதான். போன இடத்திலிருந்து திரும்பி வரும்போது ஒருமுறை அதில் ஆப்பிள் இருந்தது, ஒருமுறை பக்லாவா, ஒருமுறை ஒன்றுமில்லாமல் நன்றாகக் கழுவி மட்டும் வந்தது.

நான்காவது வீட்டில் போன வாரம் பிள்ளை பிறந்திருக்கிறது. புதிதாக வந்தவர்கள், கும்பகோணத்துப் பக்கம். அந்தப் பெண்ணைக் கடையில் பார்த்தபோது, நாளைக்கு ஒரு கேசரோல் கொண்டுவருகிறேன் என்றேன். "ஐயோ, எதுக்குக்கா, எங்ககிட்ட மூணு இருக்கு" என்றாள்.

இப்படிக்கு,
உங்கள் மாநிலத்துக்குப் பிழைக்க வந்த ஒருத்தி